வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னீர்களே, அப்புறம்?

வெள்ளிக்கிழமைப் பயிற்சிக் கூட்டத்தைப் பற்றி இரண்டு நாட்களாக உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "விடுங்கள் டாக்டரம்மா, அங்கே பேச வந்த பெரிய டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்" என்று சமாதானம் வேறு. வாய் ஒன்றும் தவறவில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, நிதானமாக, சிரித்தபடியேதான் சொன்னார்: "ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மார்ஃபின் எதற்கம்மா? நீங்கள் சளி, காய்ச்சலைப் பாருங்கள், போதும்." மார்ஃபின் என்றால் அபினிலிருந்து எடுக்கிற, புற்றுநோய் போன்ற கடும் வலிக்குக் கொடுக்கிற மருந்து. அரங்கமே சிரித்தது. என் பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்தார். அவரும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்தான்.

ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். "இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பெரிய மருத்துவமனைகளில் சொல்கிறீர்களே, அந்த வீடு எங்கே இருக்கிறது? என் சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் இருக்கிறது. நீங்கள் கோப்பை மூடிய பிறகும் அந்த மனிதர் இரண்டு மாதமோ நான்கு மாதமோ உயிரோடு இருக்கிறார். அந்த நாட்களுக்கு அவருடைய மருத்துவர் யார்? சளி, காய்ச்சல் பார்க்கிற நான்தான்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. நோய் ஆதரவு சிகிச்சையை, அதாவது குணமாக்க முடியாத நோயிலும் வலியையும் துன்பத்தையும் குறைக்கிற சிகிச்சையை, ஆரம்ப நிலை மருத்துவத்தோடு எப்படி இணைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது, வசதி குறைந்த நாடுகளையும் மனத்தில் வைத்து. அதில் கேட்டிருக்கும் கருவிகளைப் படித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்: படுக்கைப்புண் வராமல் தடுக்கும் மெத்தை, மூக்குவழி உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், மாத்திரையைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி, மின்சாரம் இல்லாத இடத்துக்கு ஒரு டார்ச் லைட். மருந்துகளில் வாய்வழி மார்ஃபின். அவ்வளவுதான். உகாண்டாவில் மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுக்கிறார்கள். அதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். படித்த எனக்கு மட்டும் அது மேலிடத்து விஷயம்!

"போதைக்கு அடிமையாகிவிடுவார்களே" என்று இதைப் படிக்கும் யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எலும்பில் புற்று பரவிய மனிதருக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, குறைந்த அளவில் ஆரம்பித்து வலிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டு போகிறோம். தெருமுனையில் விற்கிற சரக்கா இது? 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு உரிமங்களுக்குப் பயந்தே மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைகழுவின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு வழியை எளிதாக்கினார்கள். சட்டம் இறங்கி வந்துவிட்டது, நம் பயம் இறங்கவில்லை. மத்தியப் பிரதேசத்து நீமச்சிலும் மந்த்சௌரிலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிற நாடு இது. அதே நாட்டில் தேவைப்படும் மார்ஃபினில் நூற்றுக்கு நான்கு பங்குதான் நோயாளிகளுக்குக் கிடைக்கிறது என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் எழுதியது.

"ஒரு நாளைக்கு நூற்றைம்பது வெளிநோயாளிகள், இதற்கு ஏது நேரம்?" நியாயம். மறுக்கவில்லை.

"உடனே கேரளாவை இழுக்காதே" என்பீர்கள். இழுப்பேன். நோய் ஆதரவு சிகிச்சை, கோழிக்கோட்டில் 1993-இல் சிலர் சேர்ந்து ஆரம்பித்த வேலை. 2008-இல் அந்த மாநிலம் இதற்கென்று கொள்கையே அறிவித்தது. மார்ஃபின் எழுதும்போது மலமிளக்கியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதை நான் பணியில் சேர்ந்து ஆறு வருடம் கழித்து அங்கே ஒரு பயிற்சியில்தான் கற்றேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் நம்மிடமும் இருக்கிறதே என்றால், இருக்கிறது, நல்ல திட்டம், வீடு தேடிப் போகிற செவிலியர்களைக் கும்பிடலாம். என் சண்டை அந்தச் சிரிப்போடு.

போன வருடம் ஒரு வீட்டுக்குப் போனேன். மார்பகப் புற்றுப் புண் வெடித்து நாற்றம். அந்த அம்மாளைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் படுக்கவைத்திருந்தார்கள். மருமகள் தட்டை வாசற்படியில் வைத்து உள்ளே தள்ளிவிடுவாள். நாற்றத்துக்குக் காரணமான கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, புண்ணைக் கழுவி, பொடியைத் தூவிக் கட்டினோம். மலிவான மாத்திரை. அடுத்த வாரம் போனபோது மருமகள் கட்டிலில் உட்கார்ந்து அந்த அம்மாளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இதற்கு எந்தச் சிறப்பு நிபுணர் வேண்டும்?

சரி, இவ்வளவு கோபம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குப் புற்று முதுகெலும்பு வரை பரவியிருந்தது. படுக்க முடியாது. இரவு முழுக்கத் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நாலே முக்கால் பஸ் போனதும் "விடிந்துவிட்டது பாப்பா" என்பார், ஏதோ ஒரு வேலையை முடித்த மாதிரி. அப்போது நான் பயிற்சி மருத்துவர். மார்ஃபின் மாத்திரை கிடைக்குமா என்று என் மூத்த மருத்துவரிடம் கேட்டேன். "பழகிவிடும்" என்றார். நம்பினேன். அதை அப்படியே வந்து அப்பாவிடமும் சொன்னேன்: "வேண்டாம்ப்பா, பழகிவிடும்." டாக்டர் மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார். எழுபத்தோரு வயது. மூன்றே மாதத்தில் போய்விட்டார். எதற்குப் பழகியிருப்பார்?

அந்த மூத்தவரும் நல்லவர்தான். வெள்ளிக்கிழமை பேசியவரும் நல்லவர்தான். எல்லோரும் நல்லவர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செவிலியர் போன் செய்தார். மேலத்தெருத் தாத்தா நேற்றும் தூங்கவில்லையாம். பாராசிட்டமால் தீர்ந்துவிட்டது, இன்னும் பத்து கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

கொடுக்கச் சொன்னேன்.