சங்கீத ஆசிரியர்கள் பாடவேண்டிய ஒரு வாரம்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது வன்னியிலுள்ள சங்கீத ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்பது, இம்முறை செயலமர்வு எங்கே, எத்தனை நாள் என்பதைத்தான். முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலையொன்றில் கர்நாடக சங்கீதம் கற்பிக்கும் எனக்கு, அத்தோடு சேர்த்துக் கேட்க இன்னொரு கேள்வி இருக்கிறது. அங்கே நாங்கள் பாடுவோமா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் கலந்துகொண்ட ஒருநாள் செயலமர்வொன்றுக்கு மல்லாவி, நெடுங்கேணி, விசுவமடு என்று பல இடங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து, இரண்டு பேருந்து மாறி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வெக்கை தாங்காமல் யன்னல்களைத் திறந்துவிட்டதால் திரையில் காட்டிய எழுத்துகள் வெளிறிப் போயின. சோளகக் காற்றில் பறந்த தாள்களை ஆளுக்கொரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு பாடத்திட்டப் படிவம் நிரப்பினோம். முன்மேசையில் சிவப்புத் துணி உறையோடு ஒரு சுருதிப்பெட்டி இருந்தது. பின்னேரம் நான்கு மணிக்குச் சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்து முடிந்தபின், உறை கழற்றப்படாமலே அதை ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். அன்று முழுவதும் அந்த மண்டபத்தில் எவரும் ஆதார சுரமான ஷட்ஜத்தைக்கூடப் பாடவில்லை.

படிவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதிப்பீட்டு முறை மாறினால் அதை ஆசிரியர் அறியத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு சுற்றுநிருபமும் ஒரு மணிநேர விளக்கமும் போதும். விடுமுறையில் ஆசிரியரை வீட்டிலிருந்து வரவழைப்பதென்றால், தனியே இருந்து அவரால் செய்துகொள்ள முடியாத ஒன்றை அங்கே கொடுக்கவேண்டும்.

எங்களால் தனியே செய்ய முடியாதது எது என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்திலோ மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ நாளாந்தம் குருவுக்கு முன்னால் இருந்து பாடி, பிழை திருத்தப்பட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளையும் அப்படித்தான் கடந்தோம். நியமனம் கிடைத்து வன்னிக்கு வந்தபின், பாடசாலைக்கு ஒரு சங்கீத ஆசிரியர்தான். காலைப் பிரார்த்தனை, பரிசளிப்பு விழாவுக்கு வரவேற்புப் பாடல், தமிழ்த்தினப் போட்டிக்குக் குழுப்பாடல், வராத ஆசிரியரின் வகுப்பு என்று நாள் போய்விடும். சாதகம், அதாவது நாளாந்தப் பாட்டுப் பயிற்சி, முதலில் வாரத்துக்கு ஒருமுறையாகும், பிறகு நின்றுவிடும். எங்கள் பாட்டைக் கேட்டு, "மத்திமம் தளர்கிறது" என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதை நாங்களே அறியாமல் பிள்ளைகளுக்கும் அப்படியே கொடுத்துவிடுகிறோம்.

தொண்டையும் அப்படித்தான் கெடுகிறது. தட்டியால் மறைத்த வகுப்பறையில், அடுத்த வகுப்பின் இரைச்சலுக்கு மேலால் நாளுக்கு ஐந்து பாடவேளை கத்திப் பேசிவிட்டு, மறுநாள் கரகரத்த குரலோடு சரளிவரிசை பாடிக் காட்டுகிறோம். குரல்நாண் வீக்கமும் முடிச்சும் ஆசிரியத் தொழிலில் அடிக்கடி காணப்படுபவை. ஆயினும் பாடுமுன் குரலை எப்படிப் பதப்படுத்துவது, எப்போது ஓய்வு கொடுப்பது, எந்த நிலையில் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போவது என்பவற்றை எந்தச் செயலமர்விலும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

பிள்ளைகளின் குரலும் இதில் சேர்ந்ததே. ஒன்பதாம் தரத்தில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு மாணவன் திடீரென்று பின்வாங்கிலுக்குப் போய், வாயசைத்துவிட்டு இருக்கத் தொடங்கினான். படிக்க விருப்பம் குறைந்துவிட்டது என்றே முதலில் எண்ணினேன். அவனைத் தனியே பாடவைத்த அன்றுதான் மகரக்கட்டு என்று விளங்கியது. மேலேயுள்ள தார ஸ்தாயி ஷட்ஜத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வயதில் குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீளும்போது, சில மாதங்களுக்குக் குரல் ஒரு சிறு எல்லைக்குள்தான் கட்டுப்பட்டு நிற்கும். என் குரலுக்கு வசதியான ஐந்தரைக் கட்டைச் சுருதியை விட்டுவிட்டு, அவனுக்குத் தோதான சுருதி ஒன்றைத் தேடிப் பிடித்து, ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கும் பாட்டைக் கொடுத்தபின் அவன் திரும்பி வந்தான். இதை நான் தற்செயலாகக் கற்றுக்கொண்டேன். அதற்கு முந்திய ஆண்டுகளில் இப்படிப் பின்வாங்கிலுக்குப் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

வெளிநாடுகளில் கோடை விடுமுறை இசை ஆசிரியர்களுக்குப் படிக்கும் காலமாக இருக்கிறது. ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967) வகுத்த வழியைக் கற்பிக்கும் கோடைப் பயிற்சிகள் அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு வாரம் நடக்கும்; மூன்று படிநிலைகள், ஆண்டுக்கு ஒன்றாக முடிக்கலாம். அங்கே ஆசிரியர் நாள்தோறும் குழுவாகப் பாடவேண்டும், பார்த்த சுரத்தை உடனே பாடவேண்டும், தன் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுக்கவேண்டும். பிள்ளையின் இசைத் தாய்மொழி அதன் ஊர்ப் பாட்டே என்பது கோடாயின் நம்பிக்கை. அவருடைய முறையில் ஆதார சுரம் இடம் மாறும்; எங்கள் ஷட்ஜமும் எந்தக் கட்டையிலும் நிற்கும். அவர்கள் தாளத்துக்குச் சொல் வைத்துச் சொல்வதைப்போல எங்களிடம் தகதிமி இருக்கிறது. ஆகவே அந்த முறையை இறக்குமதி செய்யவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. ஆசிரியரை மறுபடி மாணவராக இருத்திப் பாடவைக்கும் அந்த ஒழுங்கைத்தான் நான் கேட்கிறேன்.

ஊர்ப் பாட்டு என்றால் வன்னியில் குறைவா? அரிவி வெட்டும்போது பாடும் அரிவிச் சிந்தும் பள்ளும் இந்த வயல்களில் பாடப்பட்டவை. கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் ஆடாத ஊர் அரிது. எங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேவைக்காலம் முடிக்கும் ஆசிரியர்களோ, பிள்ளையின் பேரனார் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருப்பதை அறியாமலே இடமாற்றம் பெற்றுப் போய்விடுகிறோம். ஒருமுறை நாங்கள் நான்கு ஆசிரியர்கள் எங்களுக்குள் கூடிய ஒரு மாலையில், முதிய அண்ணாவியார் ஒருவரை அழைத்துச் சிந்துநடைப் பாட்டொன்று பாடச் சொன்னோம். அவர் பாடப் பாட நாங்கள் சுரப்படுத்தினோம். நிஷாதச் சுரம் வரும் இடத்தில் நால்வரும் நான்கு விதமாக எழுதிவிட்டு வாக்குவாதப்பட்டோம். கையிலிருந்த தாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "பிள்ளையள், எழுதுறதைப் பிறகு பாப்பம். முதல்ல எனக்குப் பிற்பாட்டுப் பாடுங்கோ." பத்துத் தரம் பிற்பாட்டுப் பாடியபின் அந்த நிஷாதம் எங்கள் குரலுக்குள் தானாக வந்து நின்றது. அதை இன்றுவரை எங்களால் திருத்தமாக எழுத முடியவில்லை, ஆனால் பாட முடிகிறது.

இப்படியானவர்களைச் செயலமர்வுக்கு வளவாளர்களாக அழைக்கவேண்டும். கடைசி நாள் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது அதற்கு ஈடாகாது. நாதஸ்வர, தவில் கலைஞர்களும் வரவேண்டும், ஆனால் ஓகஸ்ட் அவர்களுக்குத் திருவிழாக் காலம். நல்லூரில் 25 நாள், ஊர்க் கோயில்களில் பத்து நாள் என்று ஓடித்திரியும்போது ஒரு வாரம் எங்களோடு இருக்க அவர்களால் முடியாது. வேலையில்லாத ஒரு நாளைக் கேட்டு, அந்த நாளுக்கு உரிய சன்மானத்தைக் கொடுத்து அழைக்கலாம். ஆசிரியருக்கு விடுமுறையிலும் சம்பளம் உண்டு, கலைஞருக்கு வாசித்தால்தான் வருமானம் என்பதை ஏற்பாட்டாளர்கள் மறக்கக்கூடாது.

இடம் மாங்குளமாக இருந்தால் நல்லது. ஏ-9 வீதியில் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வரலாம். முல்லைத்தீவு வீதியும் மல்லாவிப் பக்க வீதியும் அங்கேதான் சந்திக்கின்றன. ஐந்து நாளாவது தங்கியிருந்து செய்யவேண்டும், ஏனெனில் இரண்டு பேருந்து மாறி வந்த களைப்போடு குரல் திறக்காது. எங்களில் பெரும்பாலோர் பெண்கள். கைக்குழந்தையோடு வருபவருக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டிவர இடம் கொடுத்தால் வருவார்கள். காலை ஒரு மணிநேரம் 'அ' ஒலியில் பாடிப் பழகும் அகாரச் சாதகம், பிறகு ஒவ்வொருவராகப் பாடி மற்றவர்கள் திருத்துவது, பின்னேரம் அண்ணாவியாரோடு. படிவங்களை ஐந்தாம் நாள் மதியத்துக்குப் பின் நிரப்பிக்கொள்ளலாம்.

துணுக்காய், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா வடக்கு வலயங்களில் சங்கீதம் கற்பிப்பவர்கள் இதை வாசித்தால், உங்கள் வலயத்து ஆசிரிய ஆலோசகரிடம் இந்த விடுமுறைக்கு முன்னரே பேசுங்கள். அனுமதி கிடைக்கத் தாமதமானால் ஒரு வீட்டு விறாந்தையில் பத்துப் பேராகவாவது தொடங்குவோம். சுருதிப்பெட்டியை நான் கொண்டுவருகிறேன்.