பொருளாதாரக்காரருக்கு இதில் என்ன வேலையா?

ஆன்டிபயாடிக் பயன்பாட்டை ஆராயும் பொருளாதார நிபுணர் ரமணன் லக்ஷ்மிநாராயண் பற்றிய ஒரு கட்டுரைக்குக் கீழே, பொருளாதாரம் படித்தவருக்கு ஆன்டிபயாடிக்கில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒருவர் தேவையில்லாமல் விழுங்கும் மாத்திரையால் கிருமிக்கு மருந்து பழகிப்போனால் அதற்கான விலையைக் கொடுப்பது வேறு யாரோ, அது எந்த பில்லிலும் வராது, இதைக் கணக்குப் பார்க்க அவரை விட்டால் வேறு யார்? 2000 முதல் 2015க்குள் 76 நாடுகளில் ஆன்டிபயாடிக் பயன்பாடு 65 சதவீதம் ஏறியதை அவரும் சகாக்களும் 2018இல் காட்டினார்கள், அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு வளரும் நாடுகளுடையது. சரி, இந்தியாவில் 2014லேயே எச்1 பட்டியல், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத சில ஆன்டிபயாடிக் உள்ளிட்ட மருந்துகளின் பட்டியல், வந்துவிட்டதே, அதில் உள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை எந்த மெடிக்கல் கடையிலும் நான் பார்த்ததில்லை. அதற்காக, டாக்டர் ஃபீஸுக்கும் அரைநாள் கூலிக்கும் பயந்து நேராகக் கடைக்குப் போகிறவரைத் திட்டி என்ன பயன்?