சூரியன் மறைந்ததும் ஏன் இந்த அவசரம்?

அப்புத்தளைக்கு அந்திப் படம் எடுக்கப் போவோம் என்று எல்லோரும் சேர்ந்துதான் வேன் பிடிக்கிறோம். ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் போன உடனே, "சரி, முடிஞ்சிருச்சு, ஏறுங்க" என்று சத்தம் வரும். எனக்கு வயிறு எரிகிறது.

எங்கே முடிந்தது? காலி முகத்திடலில் என்றால் சூரியன் கடலுக்குள் இறங்குவது கண்ணுக்கு நேரே தெரியும். இங்கே மேற்கில் மலை மறைப்பதால், உண்மையான அஸ்தமனத்துக்கு முன்னமே சூரியன் ஒளிந்துவிடும். உயரத்தில் இருக்கும் மேகங்களுக்குக் கீழிருந்து வெளிச்சம் பட்டு, செம்மஞ்சளும் ஊதாவும் ஏறுவதே அதற்குப் பிறகுதான். அதுவும் இலங்கை பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். மறைந்தபின் நல்ல வெளிச்சம் 20 நிமிடம் அளவில்தான் நிற்கும். அதையும் பிடுங்கினால் எப்படி?

மிஸ்ட் வந்து மூடினால் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது மலையின் குணம். வளைவுப் பாதை, இருட்டுக்கு முன் இறங்கணும் என்று டிரைவர் அண்ணன் சொன்னாலும் நியாயம். அவரோ ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிறார்! அவசரப்படுத்துவது நம்ம ஆட்கள்தான். அப்புறம் போன் பிளாஷ் வேறு. கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும் மலைக்கு அது எட்டாது; பக்கத்துப் பனிமூட்டத்தில் பட்டு என் படத்தைத்தான் வெள்ளையாக்கும்.

குளிருகிறது என்றால் வேனுக்குள் இருங்கள். கெமரா ஸ்டாண்டை மடிக்க மட்டும் சொல்லாதீர்கள்.