எள்ளில் பூ இலையாவதற்குக் காரணம் வைரஸ் அல்ல

எள்ளுப் பூ இலையாக மாறும் நோயை வைரஸ் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். அது பைட்டோபிளாஸ்மா, அதாவது செல்சுவரே இல்லாத பாக்டீரியா. முன்பு எல்லாரும் வைரஸ் என்றுதான் நம்பினார்கள். 1967இல் ஜப்பானியர்கள் இதே வகை நோய் பிடித்த முசுக்கொட்டைச் செடியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

போன மாசி மாதம் எங்கள் எள்ளுக் காட்டில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளைப் பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பச்சையாகக் குட்டி இலைகள், நுனியில் துடைப்பம் போல ஒரே கொத்து. காய் ஒன்றுகூட இல்லை. பார்க்கவே வயிறு எரிந்தது.

இதைக் கொண்டுவருவது தத்துப்பூச்சி. நோயுள்ள செடியின் சாற்றை உறிஞ்சியதும் உடனே பரப்பாது. கிருமி அதன் குடலில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகும். அப்புறம் அந்தப் பூச்சி சாகும்வரை, உட்காரும் செடிக்கெல்லாம் கிருமியை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால் காயைக் காணோமே என்று பூ பூக்க மருந்து அடித்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். பாக்டீரியாவுக்கான டெட்ராசைக்ளின் மருந்தைக் கொடுத்தால் அறிகுறி அடங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். வயலுக்கு அது கட்டுப்படியாகாது. இலை சிறுத்த செடியைக் கண்ட அன்றே பிடுங்கி அழித்துவிடுங்கள். வரப்புக் களையையும் விட்டுவைக்காதீர்கள், பூச்சி அங்கேதான் தங்கும்.