வின்ச் வடம் இல்லாத ஹெலிகாப்டரால் என்ன பயன்?

2024 டிசம்பர் ஊத்தங்கரை வெள்ளத்தைச் சொல்லி, ஓசூர் ஓடுதளத்தில் மீட்பு ஹெலிகாப்டர் நிறுத்தக் கேட்கிறது ஒரு கட்டுரை. நியாயம்தான். கூடவே வின்ச் வடமும், அதாவது ஆளை மேலே தூக்கும் எஃகுக் கம்பிவடமும், கையிருப்பில் வேண்டும். சுமார் 5 மி.மீ. தடிமன், 19 புரி, புரிக்கு 7 இழை. பல வின்ச்களில் 272 கிலோ வரை தூக்கும். ஒகேனக்கல் மாதிரிப் பாறை விளிம்பில் உரசினால் இழை அறும். அன்றைய பறப்பு முடிந்ததும் முழு நீளத்தையும் வெளியே விட்டு, பருத்தித் துணியால் பிடித்து ஓட்டினால் அறுந்த இழை துணியில் மாட்டும். மடிப்போ, புரிகள் பிரிந்து கூண்டுபோல் உப்பலோ தெரிந்தால் நிமிர்த்தவே கூடாது, வடத்தை மாற்றியே ஆகவேண்டும். வடம் எங்காவது சிக்கி ஆபத்தானால் அதை வெட்டிவிடும் வெடித்தோட்டாவுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஐப்பசி மழைக்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.