தூசி கூட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை
மொத்தச் சரக்கு முனையம் (நிலக்கரி, தானியம், சிமெண்ட் போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே கப்பலில் ஏற்றி இறக்கும் துறைமுகப் பகுதி) அக்கம்பக்கத்து மக்களோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் நடத்துவதை, நான் படித்த ஒரு கட்டுரை பாராட்டுகிறது. சரி, நல்லதுதான். ஆனால் தூசி தினமும் பறக்கிறதே! ஒரு பனாமாக்ஸ் கப்பலிலேயே (பனாமா கால்வாயில் போகிற அளவுள்ள பெரிய சரக்குக் கப்பல்) 60,000 டன்னுக்கு மேல் நிலக்கரி வரும். கிராப் (கிரேனில் தொங்கும் அள்ளும் வாளி) அதை எவ்வளவு உயரத்திலிருந்து ஹாப்பரில் (சரக்கை வாங்கிக் கீழே விடும் புனல் போன்ற தொட்டி) கொட்டுகிறது என்பது முக்கியம். உயரத்தைக் குறைத்து, சரக்கைக் கொண்டுபோகும் கன்வேயர் பட்டையை மூடி, நிலக்கரிக் குவியலில் தண்ணீர் தெளித்தால் தூசி நன்றாகக் குறையும். (தானியத்துக்கும் சிமெண்டுக்கும் தண்ணீர் ஆகாது, தூசியை உறிஞ்சி வடிகட்டத்தான் வேண்டும்.) காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்துவார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள்? இதை மக்களிடம் சொல்ல வேண்டும். தூசி அளக்கும் கருவியை வீடுகள் இருக்கும் பக்கம் வைத்து, அளவை மணிக்கொரு முறை வெளியிட வேண்டும். அப்புறம், கப்பல் வேலை இரவிலும் நடக்கிறது; புகார் அழைப்பை எடுக்க அப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.