மார்பிளுக்கு வினிகர் ஆகாது

மார்பிளும் கிரானைட்டும் இயற்கைக் கற்களே என்பதால் இரண்டையும் வினிகர் கலந்த நீரால் துடைக்கலாம் என்று சிலர் சொல்வது மார்பிளைப் பொறுத்தவரை தவறு. மார்பிளின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். வினிகரோ எலுமிச்சைச் சாறோ பட்டால் அது வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட, பாலிஷ் செய்த மேற்பரப்பு அரிக்கப்பட்டு, விளக்கு வெளிச்சத்தில் சாய்வாகப் பார்க்கும்போது தண்ணீர் சிந்திக் காய்ந்ததுபோல மங்கலான வட்டம் தெரியும். அது கறையன்று, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மீண்டும் பாலிஷ் போடுவதுதான் வழி. சீலர் பூசியிருக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் கல்லுக்குள் எண்ணெயும் நீரும் ஊறுவதைக் குறைக்கும் வழக்கமான சீலர் இந்த அரிப்பைத் தடுப்பதில்லை.

குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகிய கனிமங்களால் ஆன கிரானைட் வினிகரை ஓரளவு தாங்கும் என்றாலும், தினசரி அதையே பயன்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்குமே மென்மையான, அமிலமும் காரமும் இல்லாத சோப்பு நீர் போதும்.

கீறல் விஷயத்திலும் மார்பிளுக்குக் கவனம் தேவை: கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் மார்பிளின் கடினம் ஏறத்தாழ 3, மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. ஆகவே மார்பிள் தரையை முதலில் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, உப்புத்தாளை இழுப்பதற்குச் சமம்.